நீலப் புள்ளியை நம்பலாமா?

வரைபடம் என்பது ஒரு காலத்தில் அரசு அலுவலகச் சுவரிலும் பள்ளிக்கூட மூலையிலும் தொங்கிய பொருள். இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது. பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வருவோரில் பலர் செல்பேசித் திரையில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்தபடியே நடக்கின்றனர். அடுத்த லிங்கம் எவ்வளவு தொலைவு, குடிநீர் எங்கே கிடைக்கும், பேருந்து நிலையத்துக்கு எப்படித் திரும்புவது என்ற கேள்விகளுக்கு விடை தருவதாகக் கூறும் செயலிகள் பல வந்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் உருவாக்கியவையும் உண்டு. கல்லூரி மாணவர்கள் செயல்திட்டமாக எழுதியவையும் உண்டு.

இச்செயலிகள் எங்கே தவறுகின்றன, ஏன் தவறுகின்றன, தவறினால் எப்படிச் சரிசெய்வது என்பவற்றை இயற்பியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அளவிடும் கருவி எதுவாயினும் பிழை இருந்தே தீரும், அது குற்றமன்று. பிழையின் அளவைப் பயனரிடமிருந்து மறைப்பதே இன்றைய வரைபடச் செயலிகளின் பெருங்குறை.

மூன்று வேலைகள், மூன்று நோய்கள்

வரைபடச் செயலி ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, ‘நான் எங்கே?’ என்பதைக் கண்டறிதல். இதைச் செய்வது செல்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். ஏற்பி. இரண்டாவது, அவ்விடத்தின் படத்தைத் திரையில் வரைதல். இதற்கான படத்துண்டுகள் பெரும்பாலும் இணையம் வழியாக வருகின்றன. மூன்றாவது, ‘எப்படிப் போவது?’ என்று வழி கணக்கிடுதல். இது சாலை வலையமைப்பின் மேல் செய்யப்படும் கணக்கு.

செயலி சரியாக இயங்கவில்லை என்றால் இம்மூன்றில் எது பழுது என்று பிரித்தறிவதே முதற்படி. ‘இணையம் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை’ என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது தவறான கருத்து. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளைப் பெற இணையம் தேவையில்லை. செயற்கைக்கோள்களின் இருப்பிடக் குறிப்புகளை இணையம் விரைவாகத் தருகிறது, அவ்வளவே. இணையம் இல்லையெனில், திறந்தவெளியில் ஏறத்தாழ அரை நிமிடம் பொறுத்திருந்தால் செல்பேசி அக்குறிப்புகளைச் செயற்கைக்கோளிடமிருந்தே நேராகப் பெற்றுக்கொள்ளும். பௌர்ணமி இரவில் செல்பேசிக் கோபுரங்கள் கூட்டத்தால் திணறும்போது நின்றுபோவது படமே, இருப்பிடம் அன்று. ஆனால் பல செயலிகள் படம் வராதபோது புள்ளியையும் சேர்த்து மறைத்துவிடுகின்றன. வழி தெரியாது நிற்பவருக்குப் படமில்லாத இருப்பிடமும், ‘மலை உமக்கு வலப்புறம் உள்ளது, அடுத்த லிங்கம் 600 மீட்டர்’ என்ற ஒரு வரியும் பெரும் உதவியாக இருக்கும் என்பதை இவற்றை எழுதியோர் எண்ணிப் பார்க்கவில்லை.

புள்ளி விழும் இடமே நோயைச் சொல்லும்

மருத்துவர் காய்ச்சலின் அளவைக் கொண்டு நோயை ஊகிப்பது போல, புள்ளி எவ்வளவு தூரம் விலகி விழுகிறது என்பதைக் கொண்டே செயலியின் பழுதை ஊகிக்கலாம். அருணாசலேசுவரர் கோயிலின் இருப்பிடம் ஏறத்தாழ 12.23 பாகை வட அட்சரேகை, 79.07 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. இதை வைத்துச் சில நிகழ்வுகளைக் காண்போம்.

புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாக் கடலில் விழுந்தால், அது சுழியம் பாகை அட்சரேகையும் சுழியம் பாகை தீர்க்கரேகையும் சந்திக்கும் இடம். இருப்பிடம் கிடைக்காதபோது நிரல் சுழியத்தை இட்டுக்கொண்டுவிட்டது என்பது பொருள்.

புள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தெற்கே விழுந்தால், பாகை–நிமிடக் கணக்கைத் தசமமாக எண்ணிவிட்டனர் என்று ஐயுறலாம். 12 பாகை 14 நிமிடம் என்பது 12.14 அன்று, 14-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும் என்பதால் 12.233 ஆகும்.

புள்ளி ஒரு கிலோமீட்டர் அளவில் அலைந்தால், பயனர் தோராய இருப்பிடத்துக்கு மட்டுமே அனுமதி தந்திருக்கிறார் எனலாம். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இவ்வாறு தேர்ந்தெடுக்கும் உரிமை பயனருக்கு உண்டு. அப்போது கிடைக்கும் இருப்பிடம் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கேயும் இருக்கலாம்.

எல்லா இடங்களும் ஒரே திசையில், ஒரே அளவாக நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் காரணம் வரலாற்றில் இருக்கிறது. லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்காகப் பிற்காலத்தில் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற புவிவடிவம் கணக்கிடப்பட்டது. இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் அதன் மேல் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு அடிப்படை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் படங்கள் புதிய அடிப்படையில் உள்ளன. பழைய படத்திலிருந்து எண்களை எடுப்பவர் மாற்றுக் கணக்கைச் செய்தே ஆகவேண்டும்.

புள்ளி பத்து, இருபது மீட்டர் மட்டும் தள்ளாடினால் அது நிரலின் பழுதன்று, அலைகளின் இயல்பு. அதைப் பின்னர் காண்போம்.

வலம் இடமாகும் விந்தை

மாணவர்களின் செயல்திட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதுவது. இதற்கு அவர்களை மட்டும் குறைசொல்ல இயலாது. கூகுள் வரைபடக் கருவிகள் அட்சரேகையை முதலில் கேட்கின்றன. ஜியோஜேசன் என்னும் பொதுத் தரவு வடிவமோ தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. இரண்டையும் ஒரே செயலியில் கலந்து பயன்படுத்தும்போது குழப்பம் நேர்கிறது.

திருவண்ணாமலையின் எண்களை இடம் மாற்றினால் என்ன ஆகும்? 79.07 பாகை வடக்கு, 12.23 பாகை கிழக்கு. இது வடதுருவத்துக்கு அருகே நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். இந்தியா 2008-இல் தொடங்கிய ‘ஹிமாத்ரி’ ஆர்க்டிக் ஆய்வு நிலையம் அங்குதான், இப்புள்ளியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் ஊரின் எண்கள் தலைகீழானால் பனிப்பாறைகளிடையே இந்திய அறிவியலாளர்களின் அண்டைவீட்டாராகிவிடுகிறோம்!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு அச்சுகளை இடம் மாற்றுவது கணிதத்தில் ஒரு பிரதிபலிப்பு ஆகும். கண்ணாடியில் வலக்கை இடக்கையாவது போன்றது. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் எட்டுத் திசைகளுக்கு அமைந்துள்ளன: கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானியம். எண்கள் இடம் மாறினால் இந்திரன் வடக்கே போய்க் குபேரன் கிழக்கே வருவார். அக்னியும் வாயுவும், எமனும் வருணனும் இடம் மாறிக்கொள்வர். ஈசானியமும் நிருதியும் மட்டும் தத்தம் திசையிலேயே நிற்கும். வலமாகச் சுற்ற வேண்டிய பாதை இடமாகச் சுற்றும்!

எனவே இவ்வூர்ச் செயலி எழுதுவோருக்கு முன்னோர் ஒரு சோதனைக் கருவியைக் கல்லிலேயே வைத்துச் சென்றிருக்கின்றனர் எனலாம். மலையுச்சியிலிருந்து எட்டு லிங்கங்களின் திசைக்கோணங்களையும் கணக்கிடுங்கள். அவை 45 பாகை வீதம் துல்லியமாக அமையாவிட்டாலும், கிழக்கில் தொடங்கி வலமாக வரிசை மாறாமல் வரவேண்டும். வராவிட்டால் தரவில் பிழை. இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல், படம் தவறான இடத்தில் திறக்கிறதே என்று திரையின் மையத்தை மட்டும் கையால் மாற்றி எழுதிவிட்டுப் போவது, காய்ச்சல்காரருக்குப் பதிலாக வெப்பமானியைக் குளிர்விப்பது போன்றதாகும்.

மலையா குற்றவாளி?

‘மலை மறைப்பதால் இங்கே ஜி.பி.எஸ். சரியாக வராது’ என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். கணக்கிட்டுப் பார்ப்போம். மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டருக்குச் சற்று அதிகம். பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அதை வட்டமாகக் கொண்டால் ஆரம் 2.2 கிலோமீட்டர். ஆக, பாதையில் நிற்பவருக்கு மலையுச்சி ஏறத்தாழ 15 பாகை உயரத்தில் தெரியும். சில இடங்களில் மலை நெருங்கி வருவதால் 25 பாகை என்றே வைத்துக்கொண்டாலும், வானத்தின் பெரும்பகுதி திறந்தே இருக்கிறது. தொடுவானத்தை ஒட்டியுள்ள செயற்கைக்கோள்களை ஏற்பிகள் பொதுவாகவே ஒதுக்கிவிடும். நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். கிரிவலப் பாதையில் அதற்கு மேலேயே தெரியும். ஆகவே மலையை விடுதலை செய்துவிடலாம்.

உண்மைக் காரணம் பிரதிபலிப்பு. ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் செல்கிறது. ஜி.பி.எஸ். தூரத்தை அளப்பது இக்கால அளவைக் கொண்டே. 217 அடி, அதாவது 66 மீட்டர் உயரமுள்ள ராஜகோபுரத்துக்கு 20 மீட்டர் முன்னே ஒருவர் கோபுரத்தைப் பார்த்து நிற்கிறார் என்க. அவருக்குப் பின்புறம் 30 பாகை உயரத்தில் உள்ள செயற்கைக்கோளின் அலை கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்தால், அது நேரலையைவிட ஏறத்தாழ 35 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கும்; காலத்தில் 115 நானோ வினாடி. கடைகளின் கூரையாலோ விளம்பரப் பலகையாலோ நேரலை மறைக்கப்பட்டு, பிரதிபலித்த அலை மட்டும் வந்தால், ஏற்பி அதையே உண்மை என்று நம்பிக் கணக்கிடும். புள்ளி வீதியின் மறுபக்கத்துக்குத் தாவும். மாட வீதிகளிலும் உயர்ந்த மதில்களை ஒட்டியும் புள்ளி தள்ளாடுவது இதனால்தான். திறந்தவெளியில் ஒரு நல்ல செல்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைக் காட்டும். நெருங்கிய வீதியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

நடக்காமலே நடந்த தூரம்

இத்தள்ளாட்டம் இன்னொரு வேடிக்கைக்கும் காரணமாகிறது. 14 கிலோமீட்டர் பாதையைச் சுற்றி முடித்தவரிடம் 16 அல்லது 17 கிலோமீட்டர் நடந்ததாகச் செயலி பாராட்டுரை வழங்குகிறது. வினாடிதோறும் இருப்பிடத்தைக் குறித்து, அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளிகளைக் கூட்டிக்கொண்டே போவதன் விளைவு இது. ஒருவர் மண்டபத்தில் பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருக்கிறார். புள்ளி வினாடிக்கு 2 மீட்டர் தள்ளாடுகிறது என்க. 600 வினாடிகளில் அவர் 1,200 மீட்டர் ‘நடந்து’விடுவார்! பிழைகள் இருபக்கமும் நிகழ்வதால் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று நினைப்பது தவறு. தூரம் எப்போதும் நேரெண். ஆதலால் பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

தீர்வு எளிது. பிழையின் ஆரத்தைவிடக் குறைவான நகர்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மெதுவாக நடப்பவர் வினாடிக்கு ஒரு மீட்டர்தான் செல்கிறார். 5 மீட்டர் பிழையுள்ள கருவியை வினாடிக்கொரு முறை கேட்பதில் பயனில்லை. பத்து வினாடிக்கு ஒருமுறை கேட்டால் போதும். மின்கலமும் இரவு முழுவதும் தாங்கும். திரையை அணைத்துப் பையில் வைத்ததும் பதிவு நின்றுபோகிறது என்ற குறைக்கும் மின்கலமே காரணம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிகளுக்கு மணிக்குச் சில முறை மட்டுமே இருப்பிடம் தரப்படுகிறது. தொடர்ந்து பெற விரும்பும் செயலி, தான் இயங்குவதை அறிவிப்பாகத் திரையில் காட்டவேண்டும். இது தடையன்று, பயனருக்குரிய பாதுகாப்பு.

சாம்பல் நிறச் சதுரங்கள்

படத்துக்குப் பதில் வெறும் சாம்பல் சதுரங்கள் தோன்றுவது அடுத்த நோய். எழுதியவரின் செல்பேசியில் படம் வருகிறது, பிறரிடம் வரவில்லை என்றால், பெரும்பாலும் அனுமதித் திறவுகோலில் பழுது. 2018-இன் நடுப்பகுதி முதல் கூகுள் வரைபடச் சேவைக்குத் திறவுகோலும் கட்டணக் கணக்கும் கட்டாயம். அத்திறவுகோலைச் செயலியின் கையொப்பத்தோடு பிணைத்து வைப்பது வழக்கம். சோதனைப் பதிப்புக்கு ஒரு கையொப்பம்; வெளியீட்டுப் பதிப்புக்கு வேறு. இரண்டாவதைப் பதிவுசெய்ய மறந்தால் சோதனையில் வந்த படம் சந்தையில் வராது.

திறவுகோல் சரியாக இருந்தும் கூட்ட நாளில் மட்டும் படம் வராவிட்டால், படத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பதே வழி. இணையப் படங்கள் சதுரத் துண்டுகளாக வெட்டப்பட்டவை. 16-ஆம் உருப்பெருக்க நிலையில் நம் அட்சரேகையில் ஒரு துண்டின் பக்கம் ஏறத்தாழ 600 மீட்டர். கிரிவலப் பாதை முழுவதும் 5 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் அடங்கும் என்பதால் 81 துண்டுகள் போதும். 12 முதல் 17 வரை எல்லா நிலைகளையும் சேர்த்தாலும் 400 துண்டுகள் அளவே. ஒன்று 20 கிலோபைட் என்றால் மொத்தம் 8 மெகாபைட். சிறிய காணொளி ஒன்றின் அளவு. இதைச் செயலியோடு சேர்த்தே தந்திருக்கலாம். ஆனால் ஒன்று: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பொதுத் தளத்திலிருந்து துண்டுகளை மொத்தமாக இறக்குவது அதன் விதிகளுக்கு மாறானது. அதன் மூலத் தரவு எல்லார்க்கும் திறந்தது. அதைப் பெற்றுத் துண்டுகளை நாமே உருவாக்கிக்கொள்வதே முறை.

குறுக்கு வழியும் கிரிவலமும்

வழி சொல்லும் பகுதியில்தான் இச்செயலிகள் ஊரை அறியாதவை என்பது வெளிப்படுகிறது. வழி காணும் நிரல்கள் பெரும்பாலும் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தவை. இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறைந்த செலவுள்ள பாதையைக் காண்பன. இந்திர லிங்கத்தில் தொடங்கி இந்திர லிங்கத்திலேயே முடியும் பயணத்துக்கு வழி கேளுங்கள்: தூரம் சுழியம் என்று விடை வரும்! அக்னி லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கத்துக்கு வழி கேட்டால், மலையைச் சுற்றாமல் ஊருக்குள்ளேயே திருப்பி அழைத்துச் செல்லும். கணக்கு சரி, கேள்விதான் தவறு. எட்டு லிங்கங்களையும் வரிசையாக இடைநிலைகளாகக் கொடுத்தால் இக்குறை தீரும்.

பௌர்ணமியன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் வாகனங்களுக்குச் சாலைகள் மூடப்படுகின்றன. நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைகின்றன. செயலியோ சாதாரண நாளின் வழியையே காட்டிக்கொண்டிருக்கும். தேதியை அறியாத வரைபடம் திருவிழா ஊருக்கு அரை வரைபடமே.

பெயர்களின் குழப்பம்

தமிழில் தேடினால் இடம் கிடைக்கவில்லை என்பது நியாயமான குறை. ‘கோயில்’ என்றும் ‘கோவில்’ என்றும் எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயருக்கு இரண்டு மூன்று வடிவங்கள் உள்ளன. இவற்றையெல்லாம் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்தாக வேண்டும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒருங்குறியில் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கு வெவ்வேறு. தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறிய நிரல்வரியைச் சேர்த்தால் தீரும் இக்குறை, தமிழ் பேசும் மாணவர்கள் எழுதிய செயலிகளிலும் காணப்படுவது வருந்தத்தக்கது. தமிழில் தட்டச்சு செய்து அவர்கள் சோதித்துப் பார்ப்பதே இல்லை என்பதற்கு இது சான்று.

கூட்டல் கழித்தல் குறி எங்கே போயிற்று?

இனி தலையாய குறைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஒவ்வோர் இருப்பிடத்துடனும் ஓர் ஆரத்தையும் தருகிறது. உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு 68 விழுக்காடு. அதாவது, மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம். கருவி இவ்வளவு நேர்மையாகத் தன் ஐயத்தைச் சொல்கிறது. செயலி எழுதுவோரோ வட்டம் திரையில் அழகாக இல்லை என்று நீக்கிவிட்டுக் கூர்மையான புள்ளியை மட்டும் வைக்கின்றனர். ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் அளந்தபின் பிழையின் அளவை எழுதாவிட்டால் மதிப்பெண் இழக்கும் மாணவர், செயலி எழுதும்போது அதே பிழையைத் துடைத்தெறிந்து மதிப்பெண் பெறுகிறார். இதில் மதிப்பிடும் நமக்கும் பங்குண்டு. திரைகளின் வண்ணத்தைப் பார்க்கிறோம். செயலியை எடுத்துக்கொண்டு வீதியில் நடந்து பார்த்தாயா என்று கேட்பதில்லை.

இது அழகியல் பற்றிய விவாதமன்று. இரவில் கூட்டத்தில் மயங்கி விழுந்தவருக்காக 108-ஐ அழைப்பவர், திரையிலுள்ள புள்ளியைப் பார்த்தே இடம் சொல்கிறார். 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் மலைச்சரிவின் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து 7 பேர் உயிரிழந்ததை இவ்வூர் மறக்கவில்லை. அத்தகைய சரிவுகளில் 30 மீட்டர் என்பது ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வேறுபாடு. ‘இங்கே’ என்று உறுதியாகத் தவறான இடத்தைக் காட்டும் புள்ளியைவிட, ‘இதைச் சுற்றி 30 மீட்டருக்குள்’ என்று சொல்லும் வட்டம் தேடி வருபவருக்குப் பயன்படும். வட்டம் பெரிதாக இருந்தால் அழைப்பவரும் அருகிலுள்ள லிங்கத்தின் பெயரையோ மின்கம்பத்தின் எண்ணையோ சேர்த்துச் சொல்லுவார்.

செயலி எழுத விரும்பும் மாணவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பார்களாக. இருப்பிடம், படம், வழி மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். எட்டு லிங்கங்களின் வரிசையால் தரவைச் சரிபாருங்கள். இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்து தேடுங்கள். 14 கிலோமீட்டரையும் ஒருமுறை நடந்து முடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வட்டத்தைத் திரையிலிருந்து நீக்காதீர்கள். அளவோடு பிழையையும் சேர்த்துச் சொல்வதுதான் அறிவியல்.